கிணற்றுப் பக்கம் முதல் துணி

4-10-1938, செவ்வாய்

ஆடியில் அனந்தமதி கேட்ட கேள்வி இன்று ரயிலில் மறுபடி நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். "எட்டு சேதி சொல்றதுக்கு எட்டு சேலையா மாமா தொங்கவிடணும்? அவ்ளோ சேலைக்கு அம்மா எங்க போவாங்க?"

அனந்தமதி என் தங்கை சாந்திமதியின் மகள். அவர்கள் வீடு மயிலம் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. வண்டி அங்கே நிற்காது. நான் வாசகசாலைப் புத்தகங்களை மாற்றிவர, செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவன். ஜன்னல் வழியே ஒரு பார்வையில் வீட்டுச் சேதி தெரிய வேண்டும் என்று, கொல்லைத் துணிக்கொடியில் சேதிக்கு ஒரு நிறமாக எட்டுச் சேலை என்று திட்டம் போட்டேன். கணக்கு வாத்தியார் போட்ட திட்டம்!

அவள்தான் மூன்று போதும் என்றாள். நியாயம். வகுப்பறையில் ஒரு ஜன்னல் இருந்தால் திறந்தது, மூடியது என்று இரண்டு நிலை. இரண்டாவது ஜன்னல் அதை நாலாக்கும். மூன்றாவது எட்டாக்கும். எங்களுக்கு வெள்ளை வேட்டி மூடிய ஜன்னல், சிவப்புச் சேலை திறந்த ஜன்னல். இடமிருந்து முதல் துணி சிவப்பானால் ஒன்று, இரண்டாவது துணி சிவப்பானால் இரண்டு, மூன்றாவது துணி சிவப்பானால் நாலு. கூட்டினால் சேதியின் எண்.

இன்று மூன்றும் வெள்ளை. எல்லோரும் நலம்.

9-10-1938, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து அனந்தமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுமதிகுமார், ஜங்ஷனில் தந்தி குமாஸ்தா. தகப்பனார் அப்பாண்டைராஜன் கறாரான மனிதர். வெள்ளிக்கிழமை பதில் வேண்டும், செஞ்சியில் இன்னோர் இடமும் காத்திருக்கிறது என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

நான் வாய் சும்மா இராமல் துணிக்கொடிக் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டார்: "ஒரே நேரத்துல ரெண்டு சேதி சொல்லணும்னா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஒண்ணு சொல்லலாம். இன்னொண்ணுக்கு அடுத்த வண்டி வரும்ல."

அப்பாண்டைராஜனே சிரித்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு, உன் இஷ்டம் என்னம்மா என்று கேட்டேன். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். "யோசிக்கணும் மாமா. வெள்ளிக்கிழமை கொடியப் பாருங்க." மூன்றும் ஆறும் இதுவரை எந்தச் சேதிக்கும் ஒதுக்கப்படவில்லை. மூன்று என்றால் வேண்டாம், ஆறு என்றால் சம்மதம் என்று அவளே வைத்தாள்.

11-10-1938, செவ்வாய்

நடுவில் மட்டும் சிவப்பு. இரண்டாம் சேதி: மல்லாட்டைச் செடியில் கடலை முற்றிவிட்டது, பிடுங்க ஆள் அனுப்ப வேண்டும்.

14-10-1938, வெள்ளி

சிவப்பு, சிவப்பு, வெள்ளை. ஒன்றும் இரண்டும் மூன்று.

வேண்டாமாம்.

வண்டி வேகமாகக் கடந்துவிட்டது, ஆனாலும் நன்றாகப் பார்த்தேன். விழுப்புரத்தில் அப்பாண்டைராஜனிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுமதிகுமார்தான் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார். "அவங்க மனசுதான் சார் முக்கியம்" என்றார்.

இந்தப் பையனிடம் என்ன குறை கண்டாள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே! கேட்கலாமா? கேட்டால் வற்புறுத்தியதாக ஆகாதா?

15-10-1938, சனி

மழை. புத்தகத்தைத் திறந்தாலும் அந்த மூன்று துணிதான் தெரிகிறது.

16-10-1938, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. மயிலத்தில் இறங்கி நடந்தே போனேன். சேறு முழங்கால் வரை. போனதும், சமண வீடாகையால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டால்தான் உண்டு என்று சாந்திமதி இலை போட்டுவிட்டு, மகளைப் பற்றி முறையிடத் தொடங்கினாள். "ரெண்டு நாளா மழையில துணி நனைஞ்சிக்கினு இருக்குது அண்ணா. எடுக்க வுட மாட்டேன்றா. பதிலு இன்னும் போய்ச் சேரலியாம்."

போய்ச் சேர்ந்துவிட்டது, வேண்டாம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியாயிற்று என்றேன்.

அனந்தமதி கையிலிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "யாரு மாமா வேணாம்னது?"

சோற்றை விட்டு எழுந்து கொல்லைக்கு ஓடினேன். கொடியின் இடது முனையில் கிணறு இருக்க, வீட்டுப் பக்கம் நின்று பார்த்தேன்: வெள்ளை, சிவப்பு, சிவப்பு. ஆறு! வேலியைத் தாண்டித் தண்டவாளத்தின் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன்: சிவப்பு, சிவப்பு, வெள்ளை. மூன்று.

அவள் வீட்டுப் பக்கம் நின்று இடமிருந்து மாட்டினாள். நான் ரயில் பக்கத்திலிருந்து இடமிருந்து படித்தேன். அவள் இடம் எனக்கு வலம். இத்தனை நாள் எப்படித் தப்பினோம்? மூன்றும் வெள்ளை, மூன்றும் சிவப்பு, நடுவில் மட்டும் சிவப்பு, நடுவில் மட்டும் வெள்ளை. நாங்கள் மாட்டியதெல்லாம் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றாகத் தெரிகிற சேதிகள்.

அவள் அழவில்லை. "நாளைக்கே போங்க மாமா. செஞ்சிக்காரங்க முந்திக்கப் போறாங்க" என்றாள். வெட்கம் எங்கே போயிற்றோ!

துணியை மட்டும் இன்னும் எடுக்க விடவில்லை. அதுவும் சரிதான். சொன்னவள் உள்ளே போனாலும் சொன்னதை மறக்காமல் வைத்திருப்பது அந்தக் கொடிதானே.

17-10-1938, திங்கள்

முதல் வண்டியில் விழுப்புரம். அப்பாண்டைராஜன் செஞ்சிக்குக் கிளம்பத் தயாராக மேல்துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "வெள்ளிக்கிழம ஒரு பதிலு, திங்கக்கிழம ஒரு பதிலா? எம் புள்ள என்னா சந்தையில நிக்கிற மாடா வாத்தியாரே?"

வாயால் விளக்கிப் பயனில்லை. ஒரு கயிறு கேட்டு வாங்கிக் கூடத்தின் நடுவே கட்டினேன். ஒரு வேட்டி, இரண்டு சிவப்புத் துண்டு. அவரை இந்தப் பக்கமும் அவர் மனைவியை அந்தப் பக்கமும் நிறுத்தி, இடக்கைப் பக்கமிருந்து படிக்கச் சொன்னேன்.

"வெள்ளதான் மொதல்ல" என்றார் அவர்.

"செவப்புதான் மொதல்ல. கண்ணு தெரியலியா உங்களுக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கா தெரியல? நீ மொதல்ல நேரா நில்லு."

கொஞ்ச நேரம் சண்டை போட விட்டேன். பிறகு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றேன். அவர் நம்பவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய், மனைவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் வந்து பார்த்தார். மேல்துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். செஞ்சிப் பயணம் நின்றது.

சுமதிகுமார் ஒன்றுதான் கேட்டார். "அந்தத் துணி இன்னும் கொடியிலதான் இருக்குதா சார்?"

நனைந்துகொண்டே இருக்கிறது என்றேன்.

"அப்ப ஜல்தியா போய் எடுக்கச் சொல்லுங்க. சேதி வந்து சேந்துடுச்சின்னு சொல்லுங்க."

18-10-1938, செவ்வாய்

இனிமேல் இடமும் இல்லை, வலமும் இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் கிணற்றை ஒட்டிய துணிதான் முதல் துணி. கிணறு நகராது.

21-2-1939, செவ்வாய்

இன்று சாந்திமதியும் என்னோடு விழுப்புரம் வந்தாள். கல்யாணம் முடிந்து மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போய்வந்தபின் மகளைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. ரயில்வே குவார்ட்டர்ஸில் சின்ன வீடு. அனந்தமதி அடுப்படியில் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிறாள், சில தட்டு நெருக்கமாக, சில தட்டு இடைவெளி விட்டு. வாசலில் உட்கார்ந்திருக்கும் சுமதிகுமார் பெஞ்சைத் தட்டிப் பதில் சொல்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். தந்தி பாஷை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது, சேதி என்னவென்று எங்களுக்கு விளங்கவில்லை.

"என்னாடி சொல்ற அவர்கிட்ட?" என்று சாந்திமதி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். வண்டி மயிலம் வந்து அவள் இறங்கும்வரை அதே புலம்பல்.

இந்த நோட்டு என்றைக்காவது வேறு யார் கையிலாவது கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள்: ஒரு கயிற்றில் ஒரு வெள்ளைத் துணியும் அதற்கடுத்து இரண்டு சிவப்புத் துணியும் வரிசையாகப் போட்டு, உங்கள் வீட்டில் ஒருவரை எதிர்ப்பக்கம் நிறுத்தி, இருவரும் இடமிருந்து உரக்கப் படியுங்கள்.