புளியமுத்துப் பை

ஜூலை 23, திங்கள்

ஆடிக் காற்று. துவைத்துப் போட்ட சேலை மாடியிலிருந்து பறந்து பக்கத்துத் தறிக்கூடத்துக் கூரையில். எடுத்துத் தர ஆள் இல்லை. வேறு சேலை கட்டிக்கொண்டு ஓடியும் முதல் மணி அடித்துவிட்டது.

பிளஸ் ஒன் தொழில் பிரிவுக்கு மொத்தம் பதினோரு பெண்கள். மற்ற பிரிவில் இடம் கிடைக்காமல் வந்து விழுந்தவர்கள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. பேசுகிறவர்கள் பேசட்டும். சுயதொழில் பாடத்தைப் புத்தகத்தில் இருந்து வாசித்தால் அவர்களுக்கு முன்னால் எனக்குக் கொட்டாவி வருகிறது. நிஜமாகவே ஒரு வியாபாரம் தொடங்கி நடத்தட்டும், ஊர் வியாபாரிகள் வந்து சொல்லிக் கொடுக்கட்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். (இனி த.ஆ. அவ்வளவு நீளம் எழுத முடியாது.)

த.ஆ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடை வைக்கவா பிள்ளையள பள்ளிக்கூடம் அனுப்புதாங்க? ஒரு தகப்பன் வந்து கேட்டா யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன் டீச்சர்."

"கோயில்ல ஆடித் தபசுத் திருவிழா முடியுத வரைக்கும் நடத்திப் பாருங்க. ஒரு புகார் வந்தாலும் அந்த வகுப்பு கிடையாது. பிள்ளைகளை வேற பிரிவுல பிரிச்சுப் போட்டுருவேன்."

பதினெட்டு நாள். நன்றி சொன்னேனா என்று கூட நினைவில்லை. வெளியே வந்து தண்ணீர்ப் பானைக்கும் வேப்பமரத்துக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன்.

செய்ய: மண்ணெண்ணெய். அம்மாவுக்குக் கடிதம். கோயில் வாசல் வேலாயுதம் அண்ணாச்சியை வகுப்புக்கு அழைக்க. சேலை.

ஜூலை 25, புதன்

அண்ணாச்சி வந்தார். கோயில் வாசலில் பூஜைச் சாமான், வளையல், ரிப்பன் கடை அவருக்கு. செருப்பை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கடையில் நிற்பது போலவே மேசைக்குப் பின்னால் நின்றார்.

"தபசுக்கு வாரவ என்ன வாங்குவா?"

ரிப்பன், கண்ணாடி வளையல், சாந்து, பொரிகடலை என்று ஆளுக்கொன்று.

"அதெல்லாம் நான் விக்கேன். நான் விக்காததைச் சொல்லுங்க."

கடைசி பெஞ்சில் செண்பகம் எழுந்தாள். கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் மகள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நாம் ஒரு வேலை முடித்து வரலாம். "எங்க அம்மை போன வருசம் ஆடிச்சுற்று சுத்துனா. நூத்தியொண்ணு நேந்துக்கிட்டா. பாதியில எண்ணிக்கை விட்டுப் போச்சு. திருப்பி முதல்ல இருந்து சுத்துனா."

வகுப்பே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. கொடி ஏறியதிலிருந்து தபசு வரை கோயிலைச் சுற்றுகிற பெண்கள் ஆயிரக்கணக்கில். எண்ணுவதற்கு ஒருத்தி கையில் தீக்குச்சி, ஒருத்தி தூணில் குங்குமப் பொட்டு, ஒருத்தி மகனைப் படியில் உட்கார வைத்துக் கத்தச் சொல்லுவாள். அவன் ஐஸ் விற்கிறவனைக் கண்டால் அவ்வளவுதான்.

மணி அடிப்பதற்குள் சரக்கு பிறந்துவிட்டது. துணிப்பை, இரண்டு அறை. ஒன்றில் நூற்றியொரு புளியமுத்து. ஒரு சுற்று முடிந்தால் ஒரு முத்தை அடுத்த அறைக்கு மாற்று. இடுப்பில் செருகிக்கொள்ளலாம். வாய் மந்திரம் சொல்லலாம், ஊர்க்கதை பேசலாம், எண்ண வேண்டாம்.

அவ்வளவு சந்தோஷம். காபி குடிக்க மறந்து சாயங்காலம் தலைவலி.

ஜூலை 28, சனி

தறிக்காரர் ஒருவர் வெட்டி ஒதுக்கிய துணி மூட்டையாகத் தந்தார். தையல் அறையில் மூன்று மிஷின், ஒன்று ஓடாது. புளியமுத்துக்குப் பஞ்சமில்லை; எல்லார் வீட்டிலும் புளி கொட்டை எடுத்தது பானையில் கிடக்கிறது. பைகள் அழகு. கோடு, கட்டம், பாதி பூ.

எண்ணிப் போடுவதுதான் எமன். ஒருத்தி எழுபதில் இருக்கும்போது இன்னொருத்தி ஏதாவது கேட்பாள், போச்சு. காலை முழுக்க எண்ணி இருபது பை கூடத் தேறவில்லை. பேச்சியம்மாள் கோபத்தில் முத்துக்களைத் தரையில் வீசினாள், எல்லோரும் ஊர்ந்து பொறுக்கினோம், நானும்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இப்பிடி எண்ணிக்கிட்டிருந்தா அடுத்த தபசுக்குத்தான் விப்பிய. வியாபாரி எண்ண மாட்டான், அளப்பான்." ஒரு தம்ளர் வாங்கினார். நூற்றியொன்று எண்ணிப் போடச் சொன்னார். முத்து நின்ற மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு. "இந்தக் கோட்டுக்கு அள்ளு. பையில தட்டு. அடுத்தது."

சாயங்காலத்துக்குள் இருநூறு பை. நான் கை தட்டினேன். செண்பகம் மட்டும் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி" என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். எனக்குப் பொறுமை ஏது, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 31, செவ்வாய்

கொடியேற்றம். பேருந்து நிலையத்திலிருந்தே கூட்டம். அண்ணாச்சி தன் கடையோரம் ஒரு பெஞ்சு போட இடம் தந்தார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, பள்ளி விட்டபின்.

போனி யார் என்று நினைக்கிறாய்? த.ஆ.! வேவு பார்க்கத்தான் வந்திருப்பார். பையைக் கையில் வாங்கி, ஒரு முத்தை இங்கிருந்து அங்கே மாற்றிப் பார்த்தார். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"நானே சுத்தணும்னுதான் இருக்கேன்" என்றார். மகள் தூத்துக்குடியில். இரண்டு தடவை தங்கவில்லை. இப்போது ஏழாம் மாதம். இத்தனை வருடம் அவரிடம் வேலை பார்த்தும் எனக்கு இது தெரியாது. மூட்டு வலியோடு நூற்றியொன்றா என்று கேட்டேன். "நாளைக்குக் கொஞ்சமா சுத்துவேன். பைதான் இருக்குல்லா, கணக்கு அது பாத்துக்கிடும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே பாட்டு. எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. பையின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

அரிசி தீய்ந்தது. பூட்டிய வீட்டை மறுபடி போய்ப் பூட்டினேனா என்று பார்த்தேன். பை அநேகமாகத் தீர்ந்தது. திருவேங்கடத்துப் பெண்கள் ஊருக்கே சேர்த்து வாங்கிப் போகிறார்கள்.

த.ஆ. இன்று முடித்துவிட்டாராம். வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே பிள்ளைகளிடம் சொன்னார்: "ஒரு சுத்துகூட சந்தேகம் கிடையாது. நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க." பேச்சியம்மாள் அழுதே விட்டாள். அடுத்த வருடமும் வகுப்பு உண்டு என்று நான் மனதில் பாய் விரித்துப் படுத்தாயிற்று.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

கெட்ட நாள்.

மாலை ஐந்து மணிக்குப் பெஞ்சுக்கு முன்னால் சண்டை. குருவிகுளத்திலிருந்து மதினியும் நாத்தனாரும். ஒன்றாக ஆரம்பித்து, ஒன்றாகவே சுற்றியிருக்கிறார்கள், கை கோத்தபடி. மதினிக்குப் பை தீர்ந்துவிட்டது. நாத்தனாருக்கு இன்னும் ஐந்து முத்து.

நாத்தனார்: "இவ இடையில முத்த மாத்தியிருக்கா. சாமிகிட்டயே திருட்டு."

"நானா? நீதான் பேச்சு வாக்குல மறந்திருப்ப."

செண்பகம் இரண்டு பையையும் வாங்கி, பெஞ்சில் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கினாள். ஒன்றில் தொண்ணூற்றெட்டு. இன்னொன்றில் நூற்றி மூன்று.

புளியமுத்து எல்லாம் ஒரே அளவா? பெரிய முத்து வந்தால் தம்ளரில் குறைவாக நிற்கும், பொடி முத்து வந்தால் கூடும். இது தெரிய காமர்ஸ் பட்டம் எதற்கு. மற்றப் பிள்ளைகளையும் வரவழைத்து, மீதமிருந்த பைகளை எண்ணினோம். ஆரம்பத்தில் எண்ணிப் போட்டவை தவிர ஒன்றுகூடச் சரியில்லை.

அண்ணாச்சி மதினிக்கும் நாத்தனாருக்கும் வளையல் போட்டுச் சமாதானமாக அனுப்பினார். பிறகு எங்களிடம் தாழ்ந்த குரலில்: "தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. அவங்களும் போயாச்சு. பேசாம இருங்க. சாமி என்ன கணக்குப்பிள்ளையா, மூணு குறைஞ்சிட்டுன்னு பேரேடு எழுத?"

செண்பகம்: "போர்டு எழுதி வைப்போம் டீச்சர். பை வாங்குனவங்க எண்ணிப் பாருங்கன்னு."

"ஏலா, நீ வைக்குத போர்டு என் கடை மேலல்லா இருக்கும்" என்றார் அண்ணாச்சி. அவர் சொல்வதிலும் நியாயம்தான். நாற்பது வருடப் பெயர்.

பதினோரு முகமும் என்னைப் பார்த்தன. "நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். த.ஆ.வின் பை எண்ணிப் போட்டதா, அளந்து போட்டதா? யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, புதன்

காலை த.ஆ. அறைக்குப் போனது சொல்லத்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மருமகனிடமிருந்து தந்தி. ரத்த அழுத்தம்.

"கவலையில்ல. நேந்ததை முடிச்சிட்டேன். அம்பாள் பாத்துக்கிடுவா" என்றார்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தேன். இதை இப்போது எந்த மனிதப் பிறவி போய்ச் சொல்லும்? சொல்லாமல் இருந்து தூத்துக்குடியில் ஏதாவது ஆகிவிட்டால், பிறகு சொல்லவே முடியாது. சொன்னால் வகுப்பு போயிற்று. இதில் எதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன்? அவருக்காகவா, வகுப்புக்காகவா? இரண்டுக்கும் என்று எழுதத்தான் ஆசை. பயம் என்று எழுதுவதுதான் சரி.

பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

மறுபடி கையெழுத்து. "பிள்ளைங்க ஏன் ஒரு மாதிரியா இருக்காங்க?" என்றார் த.ஆ. "திருவிழா அலைச்சல்" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன், பாதியில் வந்துவிட்டேன். தறிச் சத்தம் தலைக்குள்ளேயே ஓடுகிறது. இரண்டு தடவை த.ஆ. வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். இரண்டாம் தடவை பூக்காரி, "யாரைத் தேடுதீங்க?" என்று கேட்டாள். பூ வாங்கிக்கொண்டேன். நான் பூ வைக்கிற ஆளே இல்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி. தபசு

பள்ளி விடுமுறை. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. மத்தியானம் கோயில் வாசலுக்குப் போனால் பெஞ்சில் போர்டு. அட்டையில் செண்பகத்தின் கோணல் எழுத்து: "எங்களிடம் பை வாங்கியவர்கள் எண்ணிப் பார்க்கவும். முத்து கூடக் குறைய இருக்கிறது. தவறு எங்களுடையது." கீழே பதினோரு பெயரும். என் பெயர் இல்லை. அண்ணாச்சி பெயரும் இல்லை.

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு கற்பூரம் விற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அட்டையை எடுக்கவில்லை. கூட்டம் இடித்துச் சாய்ந்தபோது அவரே கை நீட்டி நிமிர்த்தியும் வைத்தார்.

பெஞ்சு முன்னால் வரிசை. சிலர் திட்டினார்கள். ஒரு ஆள், பொம்பளப் பிள்ளைகளுக்கு வியாபாரம் எதற்கு என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். சிலர் சிரித்துவிட்டு எண்ணக் கொடுத்தார்கள். முத்து கூடுதலாக இருந்தவர்களுக்குப் புண்ணியமும் கூடுதல் என்று பேச்சியம்மாள் சமாளித்தாள். குறைந்தவர்கள் பாக்கியைச் சுற்ற உள்ளே ஓடினார்கள்.

வரிசையில் எட்டாவது ஆளாக த.ஆ.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. முறை வந்ததும் பையைப் பெஞ்சில் வைத்தார். செண்பகம் கொட்டி அடுக்கினாள். பத்துப் பத்தாக ஒன்பது வரிசை. மேலே ஆறு.

"அஞ்சு பாக்கி" என்றார் த.ஆ. அவ்வளவுதான். செருப்பை விட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். உள்ளே எள் போட இடமில்லை. அந்தக் கூட்டத்தில், அந்த மூட்டோடு.

செண்பகம் பெஞ்சைத் தாண்டிக் குதித்தாள். பின்னால் மற்றவர்களும். கை கோத்துக்கொண்டு த.ஆ.வைச் சுற்றி வளையம். "வழி விடுங்க, பெரிய டீச்சர் வாராங்க" என்று கத்திக்கொண்டே. நான் நின்ற இடத்தில் நின்றேன். த.ஆ. திரும்பினார். "நீங்களும் வாங்க. பையெல்லாம் வேண்டாம். வாயால எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்று. கூட்டத்தில் என் செருப்பில்லாத காலை யாரோ மிதித்தார்கள். இரண்டு. த.ஆ. என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றில் நின்று மூச்சு வாங்கினார். நான்கு, ஐந்து என்று நான் சத்தம் போட்டுச் சொன்னதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். தூத்துக்குடிப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை. பிள்ளைங்க அன்னைக்கே சொல்லணும்னாங்க. நான்தான்..."

"என் மக நல்லாயிருந்தா அது உங்க பையாலன்னு சொல்ல மாட்டேன். இல்லாமப் போனா உங்களாலன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு நாளா என் முன்னால வந்து நின்னு கையெழுத்துப் போட்டீங்களே."

வகுப்பைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன தகுதி. செண்பகம்தான் கேட்டாள், வழக்கம் போல ஒவ்வொரு வார்த்தையாக. "பெரிய டீச்சர்... திங்கக்கிழமை... எங்களுக்கு கிளாஸ் உண்டா?"

த.ஆ. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இல்லாம? வித்த பையில எண்ணாத மிச்சத்தை எல்லாம் யாரு எண்ணுவா? ஊருக்கே சேத்து வாங்கிட்டுப் போனாங்களே, அந்தத் திருவேங்கடத்துக்குக் காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கின்னு உங்க டீச்சரைப் பாத்து வைக்கச் சொல்லு."