இடதுகைக் கத்தி

மார்ச் 4

காலையில் பட்டறையைத் திறந்ததும் ஒரு பிளம்பர் வந்தார். மடக்குக் கத்தி ஒன்றை மேசையில் வைத்தார்.

"பூட்டு நிக்க மாட்டேங்குது. ஆயுசுக்கும் நீங்களே சரிபண்ணித் தருவீங்கன்னு சொன்னாங்க."

பிடியில் எங்கள் இலை முத்திரை இருந்தது. கையில் எடுத்தவுடனே தெரிந்துவிட்டது, எங்களுடையது இல்லை. எடை குறைவு. திருகுகள் பித்தளை பூசிய இரும்பு.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. கத்தியை விரித்தால் உள்ளே ஒரு மெல்லிய எஃகுத் தகடு நகர்ந்து வந்து அலகுக்கு முட்டுக்கொடுக்கும், அதுதான் பூட்டு. மடக்க வேண்டுமானால் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்க வேண்டும். எங்கள் கத்திகளில் அது வலது கட்டைவிரலுக்கு வாகாக இருக்கும். இதில் பக்கம் மாறியிருந்தது.

"வலது கையால மடக்கறது சிரமமா இருக்குமே?" என்றேன்.

"ஆமாங்க. எனக்குத்தான் பழக்கமில்லைன்னு நெனச்சேன்."

இடதுகைக்காரருக்கு என்று நான் செய்தது வாழ்நாளில் ஒரே ஒரு கத்தி. மகள் கல்யாணம் முடிவானபோது சம்பந்திக்குப் பரிசாகச் செய்தது. கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்கள் கத்திகளில் பாதி அவர் கடை வழியாகத்தான் போகின்றன.

மார்ச் 5

தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்பான்.

மார்ச் 8

பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் அதே கத்தியை வாங்கினேன். எங்கள் விலையில் கால்வாசி. பெட்டி எங்கள் பெட்டியைவிட நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைக்காரர், "அதே கம்பெனிதாங்க, பேர் மட்டும் வேற" என்றார்.

"எந்தக் கம்பெனி?"

"அதான், அந்த இலைக் கம்பெனி."

அந்த இலைக் கம்பெனி நான்தான் என்று சொல்லாமல் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தேன். பதம் ஏறிய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இதில் கடித்துக்கொண்டு இறங்குகிறது, அவ்வளவு மெத்தென்ற எஃகு. பூட்டுத் தகடும் அப்படியே. நாலு மாதம் விரித்து மடக்கினால் தேய்ந்து நழுவும். நழுவினால் அலகு விரலில்தான் வந்து மூடும்.

பிடியின் வால்பக்கம் ஒரு சிறு பள்ளம். சம்பந்தியின் கத்தியை முடிக்கும் நேரத்தில் என் அரம் வழுக்கி அங்கே ஒரு வெட்டு விழுந்தது. தூக்கிப்போட மனசில்லாமல் அதை உருட்டித் தேய்த்து, வேண்டுமென்றே வைத்த அலங்காரம் மாதிரி ஆக்கினேன். இவர்கள் அதையும் சிரத்தையாக அச்செடுத்து எல்லாக் கத்தியிலும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இவர்கள் கையில் இருந்தது அந்தக் கத்தியேதான்.

மார்ச் 10

பிரித்துப் போட்டிருந்ததைத் தம்பி பார்த்துவிட்டான். சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிட அமைதியாகக் கேட்டான். அது இன்னும் ஆபத்து. வக்கீலிடம் போனோம். வடிவத்தை நாங்கள் பதிவு செய்யாததால் அதில் பிடி இல்லை, முத்திரையைத் திருடியதற்கு நோட்டீஸ் விடலாம், முகவரி கொண்டுவாருங்கள் என்றார். பெட்டியில் முகவரி இல்லை.

"முகவரி சம்பந்திக்குத் தெரியும்ல?" என்றான் தம்பி.

"நான் கேட்டுக்கறேன். நீ வராத."

"ஏன்க்கா, வந்தா கடிச்சா வச்சிடுவேன்?"

"என் பொண்ணு அந்த வீட்டுல இருக்கா."

பயமா? இல்லை. எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்றுதான் யோசிக்கிறேன்.

மார்ச் 13

மதியம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் எங்கள் கத்திகள் பின்வரிசைக்குப் போயிருந்தன. முன்வரிசையில் அந்தப் போலிகள்.

"வாங்க சம்பந்தியம்மா. ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே."

"பண்ணியிருந்தா இதையெல்லாம் உள்ள எடுத்து வச்சிருப்பீங்களே."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வியாபாரம். வர்றவங்க உங்களோடதைத்தான் எடுத்து எடுத்துப் பாக்கறாங்க. கடைசியில இதைத்தான் வாங்கறாங்க. நான் என்ன பண்ண?"

ஒன்றை எடுத்து நீட்டினேன். "மடக்கிக் காட்டுங்க."

இடது கையில் வாங்கி, பார்க்காமலே மடக்கினார்.

"இப்ப வலது கையால."

விரல் தடுமாறியது. இரண்டு தடவை முயன்றார். பிறகு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

"இது என்னோட கத்தி மாதிரி..."

"மாதிரி இல்லை. வால்ல பள்ளத்தைப் பாருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த பிராண்டின் விற்பனைக்காரன் ஒருநாள் கடைக்கு வந்திருக்கிறான். இவர் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். "சம்பந்தியம்மா எனக்குன்னே செஞ்சு குடுத்ததுன்னேன். படம் எடுத்துட்டுத் தர்றேன்னான். எனக்கும் பெருமையா இருந்துச்சு. ஒரு மாசத்துல திரும்ப வந்துடுச்சு."

"ஒரு மாசமாவா படம் எடுத்தான்?"

மேசைக்கடியில் ஒரு பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார். நிறையக் கத்திகள். "கைக்கு வசதியா இல்லைன்னு திருப்பிக் குடுத்தது. ஏன்னு எனக்குப் புரியவே இல்லை. எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு."

கோபத்தோடு போனவள் அங்கே நின்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஆளின் முகவரி வேண்டும், எங்கள் இலை போட்ட போலியை இனி விற்கக் கூடாது என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

மார்ச் 14

மகள் போன். "மாமாவை என்னம்மா சொன்ன? ராத்திரி சாப்பிடவே இல்லை." நடந்ததைச் சொன்னேன். "நான் ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க மாட்டேன்மா" என்றாள்.

போனை வைத்தபிறகுதான் எனக்குப் பதில் வந்தது: நிக்க வேண்டாம்டி. யார் நிக்கச் சொன்னா? ஆனா நான் கேட்டது தப்பா? என் கத்தி, என் இலை. நாளைக்கு ஒருத்தர் விரலை அறுத்துக்கிட்டா இந்த இலையைத்தானே காட்டுவாங்க?

தப்பு இல்லை. வேலை கிடக்கிறது.

மார்ச் 27

சம்பந்தி கடையிலிருந்து செய்தி இல்லை. மாத ஆர்டரும் வரவில்லை. தம்பி கணக்கு நோட்டைப் புரட்டுகிறான். பாதி வியாபாரம் போனால் இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருக்கும். யாரையும் நிறுத்தப் போவதில்லை.

ஏப்ரல் 2

இன்று வந்த அம்மாள் நாற்றுப்பண்ணை நடத்துகிறவர். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவாராம். இடது ஆள்காட்டி விரலில் கட்டு. போலிக் கத்தி நழுவி மடங்கியிருக்கிறது. நான் பயந்தபடியேதான்.

"இது எங்களோடது இல்லைங்க. போலி."

"இருக்கட்டும். பூட்டை மட்டும் சரிபண்ணிக் குடுங்க."

"விரலை அறுத்த கத்தியவா?"

"வேற எங்க போக? கத்திரிக்கோல்லேருந்து எல்லாம் வலது கைக்குத்தான் செய்யறாங்க. இதை எடுத்தப்ப யாரோ எனக்குன்னே உக்காந்து செஞ்ச மாதிரி இருந்துச்சு. சரி, உங்க அசல்லயே இடது கைக்கு ஒண்ணு குடுங்களேன்."

"எங்ககிட்ட இல்லை" என்றேன்.

சொன்னபின் அந்தச் சொல் நாள் முழுக்க உறுத்துகிறது. காப்பியடித்தவனிடம் இருக்கிறது. செய்தவளிடம் இல்லை.

ஏப்ரல் 3

இடதுகைக் கத்தி போடப் போகிறோம் என்றேன். தம்பி அரத்தைக் கீழே வைத்தான்.

"அவன் நம்மளைக் காப்பியடிச்சான். இப்ப நாம அவனையா?"

"என்னோடதை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

"அளவு இருக்கா?"

இல்லை. பரிசு என்பதால் வரைபடம் போடாமல் கைப்போக்கில் செய்தது. போலியை வைத்து அளவெடுக்கலாம். அதைவிடப் பட்டறையைப் பூட்டலாம்.

ஏப்ரல் 6

சம்பந்தி பட்டறைக்கே வந்தார். அளவு இல்லாததை மகளிடம் போனில் சொல்லியிருந்தேன், அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் நிற்க மாட்டேன் என்றவள்தான்.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் அந்த விற்பனைக்காரனின் விசிட்டிங் கார்டு. கடையில் மிச்சமிருந்த போலிகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

"அளவெடுத்துக்கோங்க. ஆனா திருப்பித் தரணும். இந்தத் தடவை ரசீது இல்லாம விட மாட்டேன்."

தம்பிதான் முதலில் சிரித்தான். ரசீது எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மே 11

நோட்டீஸுக்குப் பதில் இல்லை. ஆனால் புதிதாக வரும் போலிகளில் இலையைக் காணோம். ஏதோ பூ இருக்கிறது.

முதல் இடதுகைக் கத்திகள் தயார். பள்ளத்தையும் வைக்கலாம், அழகாக இருக்கிறது என்று தம்பி அடம்பிடித்தான். வேண்டாம் என்றேன். அரம் வழுக்கினது ஒரு தடவை போதும். ஒட்டுக்கட்டும் அம்மாளுக்கு ஒன்று அனுப்பினேன்.

ஜூன் 15

சம்பந்தி கடைக்குப் போயிருந்தேன். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. முன்வரிசையில் எங்கள் கத்திகள், வலதும் இடதும். ஒரு தச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"போலியைக் கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். வால்பக்கம் தடவிப் பாருங்க. பள்ளம் இருந்தா போலி. இல்லைன்னா எங்க சம்பந்தியம்மா செஞ்சது."

தச்சர் சம்பந்தியின் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த கத்தியை எடுத்தார். வால்பக்கம் தடவினார்.

"இதுல பள்ளம் இருக்கே, அண்ணே?"

சம்பந்தி அதை அவர் கையிலிருந்து வாங்கி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

"அது அசல்" என்றார்.