பேனரில் மூன்றாவது வரிசை

ஜூலை 14, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்கு மட்டும் மின்விசிறி. வடக்குப்பட்டு தாண்டும்வரை தபால்வழி எம்.ஏ. பாடம். நாற்பத்தெட்டு வயதில் அமெரிக்க வரலாறு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. அங்கே கட்சி ஜெயித்தால் கட்சிக்காரனுக்குத் தபால் ஆபீஸ் வேலை, தோற்றால் வீட்டுக்கு. ஊருக்கு ஒரு பெரிய புள்ளி, அவர் கை காட்டியவனுக்கே சம்பளம். எங்கள் கவுன்சிலர் அண்ணனைப் பற்றி எழுதினாலே பாஸாகிவிடுவேன் போலிருக்கிறது.

கம்பெனி கேன்டீனில் சாப்பிட வருகிறவர்களிடம் டோக்கன் வாங்கிப் போடும் வேலை எனக்கும் லூர்து மேரிக்கும். இருவரும் அண்ணனின் கான்ட்ராக்டில் வந்தவர்கள்தான். மாலை அவருடைய ஆள் குமார் வந்தான். அண்ணனுக்குப் பிறந்தநாள் பேனர், எல்லாரும் போட்டோ தர வேண்டும். தந்தேன். மேரி தரவில்லை.

"என் மூஞ்சி எதுக்குடா அந்தாளு கால்மாட்டுல? டோக்கன் வாங்க வந்தேன், கோஷம் போட வர்ல."

குமார் சிரிக்கவில்லை.

16, புதன்
தூறல். வாங்க வேண்டியவை: தக்காளி, பல்பு, முட்டிவலித் தைலம். மறந்தவை: மூன்றும்.

ஒரகடம் பாலத்தருகே பேனர். அண்ணன் யானை அளவு, நான் மூன்றாவது வரிசையில் ஸ்டாம்பு அளவு. மீசையைக் கறுப்பாக்கி, கன்னத்துக்கு ரோஸ் பவுடர். மனைவி நின்று பார்த்தாள்.

"யாரு இவரு? நல்லா கீறாரே."

18, வெள்ளி
எங்கள் கம்பெனியிலிருந்து அமெரிக்கா போகிற உதிரி பாகங்களுக்கு ஆர்டர் நின்றுவிட்டதாம். இரண்டாவது லைன் மூடல். பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்கள்:

"ஓ.டி. போச்சாடா?"

"டியூட்டியே போச்சு மச்சி, ஓ.டி.யக் கேக்குறான்."

பாடத்தில் 1893. கடன் வாங்கிக் கண்டபடி தண்டவாளம் போட்ட ரயில் கம்பெனிகள் திவால். வங்கிகள் மூடல். தொழிலாளி தெருவில். பெரிய புள்ளி யாரும் பட்டினி கிடந்ததாகப் பாடத்தில் இல்லை. அடிக்கோடு போடத் தெம்பில்லாமல் தூங்கிவிட்டேன்.

19, சனி
சாப்பிட வரும் கூட்டம் பாதி. டோக்கன் வாங்க இனி ஒருவர் போதுமாம். யார் என்பதை கான்ட்ராக்ட்காரர் சொல்வார் என்று ஹெச்.ஆர். அம்மா தரையைப் பார்த்துச் சொன்னார். கான்ட்ராக்ட்காரர் என்றால் அண்ணன், அண்ணன் சார்பில் குமார். வந்தவன் போனில் பேனர் படத்தைத் திறந்தான். பெரிதாக்கி, வரிசை வரிசையாக விரலை ஓட்டினான். இதை நான் இட்டுக்கட்டவில்லை.

"நீ கீற, பாஸ். அவங்க இல்ல."

மேரி எனக்கு வெகுகாலம் முன்பே வந்தவள். எனக்கு வேலை பழக்கியதே அவள். அதைச் சொல்ல அங்கே ஒரு வாய் தேவைப்பட்டது. ஊரெல்லாம் என்னை வாயாடி என்பார்கள். டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

20, ஞாயிறு
மழை. சர்ச்சில் பூசை முடிந்து மேரி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று சமாளிக்க இரண்டு ஜோக் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே அவள் போட்டோ, நேற்று சாயந்திரம் ஸ்டூடியோவில் எடுத்ததாம். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. ஸ்டூடியோக்காரன் சிரிக்கச் சொல்லியிருப்பான் போல, சிரித்திருக்கிறாள்.

"அடுத்த பேனர் எப்போண்ணா? குமாரு என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போறான். நீ குடுத்துடு. உனக்குத்தான் அங்க செல்வாக்கு கீதே."

எனக்கு அங்கே எந்தச் செல்வாக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டேன்.