மின்சாரத்தை நிறுத்தாமல் எடுத்த அளவு

ஜனவரி 14

இன்று லாகோ அக்ரியோவிலிருந்து தெற்கே போகும் பழைய எண்ணெய்க் குழாய். துருவைத் தடுக்கக் குழாயில் ஓடவிடும் கரண்டை அளக்கும் கம்பங்கள் பதினாறு பார்த்தேன். பதினைந்து பரவாயில்லை. இருபத்து மூன்றாம் கிலோமீட்டர், ஓடைக்கரைக் கம்பம் — 640 மில்லிவோல்ட்.

குறைந்தது 850 வேண்டும். 640 என்றால் ஓடைக்கு அடியில் போகும் இரும்பைத் துரு தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சமாக அல்ல.

கம்பெனி டெக்னீஷியன் ஃபாஸ்டோ கின்டெரோஸ் கூடவே வந்தான். "கரண்ட் ஓடும்போது பாருங்க இன்ஜினியர், 910 காட்டுது. அதை ஏன் நிறுத்தச் சொல்றீங்க? ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜனைப் பிடுங்கிட்டு மூச்சு வருதான்னு பாக்குற மாதிரி இருக்கு!" சிரித்துவிட்டேன். வாய்க்காரன். ஆனால் ஓடும்போது காட்டும் எண்ணில் மண்ணின் பங்கும் சேர்ந்து ஊதிப்போயிருக்கும். நிறுத்திய அந்த நொடியில் காட்டுவதுதான் குழாய்க்கு உண்மையில் கிடைக்கும் காவல். அரசு ஆய்வாளராகப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் ஒப்பிக்கிறேன்.

தரை காய்ந்து கிடந்தது. கரையில் குடியிருக்கும் எர்மெலிண்டா வழக்கம்போல ஓடையில் ஒரு குடுவை தண்ணீர் மொண்டு வந்தாள். நனைத்தால்தான் மண்ணில் ஊன்றும் அளவுக் குச்சி சரியாகப் பேசும். அவளுடைய மகளுக்கு நான் ஞானத்தாய். மகள் தலைநகர் கீட்டோவில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். எனக்கும் எர்மெலிண்டாவுக்கும் இடையே ஞானத்தாயும் பெற்றவளும் கூப்பிட்டுக்கொள்ளும் கோமாத்ரே என்கிற அழைப்பு மட்டும் இருபது வருடமாகத் தொடர்கிறது.

"என்ன கோமாத்ரே, மூஞ்சி தொங்குது? மிஷின் உன்னைத் திட்டிடுச்சா?"

"ஒண்ணுமில்லடி. வெயில்."

ஏன் பொய் சொன்னேன்?

ஜனவரி 15

ஏன் என்று தெரியும். எழுதாமல் விட்டால் இல்லாமல் போய்விடாது.

அலுவலக அலமாரியில் பழைய கோப்பை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு, அதே கம்பம்: 905. தேர்ச்சி. கீழே என் கையெழுத்து, வால் சுழித்து, பெருமையாக.

அன்று கரண்டை நிறுத்தவில்லை. கரண்ட் அனுப்பும் குடிசை ஆறு கிலோமீட்டர் பின்னால் இருந்தது, பாதை முழங்கால் சேறு, மழை வேறு. ஃபாஸ்டோ வாழையிலையில் கட்டிச் சுட்ட மீன் வாங்கி வைத்திருந்தான். "ஆறிப்போயிடும் இன்ஜினியர்." ஓடும் அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீன் நன்றாகத்தான் இருந்தது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த வாரம்தான் எர்மெலிண்டா கேட்டாள், மேட்டில் கிணறு தோண்டலாமா, இந்தக் குழாயை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று. "எதுக்குடி வீண் வேலை? நானே பாத்தேன், குழாய் கல்லு மாதிரி இருக்கு" என்றேன். ஓடைக்கரையில் இருக்கும் பதினொரு வீடும் இன்றுவரை ஓடைத் தண்ணீர்தான் குடிக்கிறது. என் வாய்ச்சொல்லைக் குடிக்கிறது.

ஜனவரி 29

அறிக்கை கொடுத்தேன். ஓடைக்கு அடியில் நாற்பது மீட்டரை மாற்ற வேண்டும். மாற்றும்வரை எண்ணெய் அழுத்தம் பாதி. மேலதிகாரி ஹெர்மான் டுஃபின்யோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் விஷயம் இழுக்கும்.

பிப்ரவரி 20

கம்பெனிக்கு உத்தரவு போய்விட்டது! முத்திரை குத்தும்போது நானே பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 6

கம்பெனி மேல்முறையீடு. விசாரணை முடியும்வரை உத்தரவு நிறுத்திவைப்பு. குழாயில் எண்ணெய் முழு அழுத்தத்தில் ஓடுகிறது. துருவையும் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கச் சொல்லலாமே!

மார்ச் 23

ஞாயிறு. எர்மெலிண்டா வீட்டுக்குப் போனேன். ஓடையைத் தாண்டிக் குழாய் மண்ணைவிட்டு மேலே வரும் இடத்தில் துணி காயப்போட்டிருந்தாள். குழாய்ச் சூட்டில் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும்.

"எல்லாருமாச் சேர்ந்து கிணறு தோண்டுங்க" என்றேன்.

"இப்போ என்ன திடீர்னு? அன்னிக்கு நீதான் வேண்டாம்னே."

"அன்னிக்குச் சொன்னது தப்பு."

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு ஆம்பளைங்க நாலு பேர் இருந்தாங்க, தோண்டியிருப்பாங்க. இப்போ எல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல கூலிக்கு. யாரு தோண்டுறது? நீ உத்தரவு போட்டிருக்கியே, அது போதாதா?"

போதும் என்றேன். மறுபடியும் பொய்.

ஏப்ரல் 24

கீட்டோ. விசாரணை. மலையேறி வந்தால் எனக்கு மண்டை இடிக்கும். இன்று அதற்கு மேலும் இடித்தது.

கம்பெனி வக்கீல் ஒரு அம்மாள். இங்கே வக்கீலையெல்லாம் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். மெதுவாக, மரியாதையாகப் பேசினாள். பழைய தாளை நீட்டினாள். "இது உங்க கையெழுத்துதானே இன்ஜினியர்? மூணு வருஷத்துக்கு முன்னாடி 905. இப்பவும் கரண்ட் ஓடும்போது 910. அப்போ குழாய் கெட்டுப்போகலையே? மாறினது நீங்க அளக்குற முறைதானே?"

பக்கத்தில் டுஃபின்யோ மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். 'பழைய அளவு பற்றி நினைவில்லை' என்று சொல்லச் சொல்லியிருந்தார். சொல்லியிருக்கலாம். யாருக்குத்தான் நினைவிருக்கும்?

சொல்லிவிட்டேன். அன்று கரண்டை நிறுத்தவில்லை, 905 தப்பான அளவு, தெரிந்தேதான் எழுதினேன், அந்த இடம் அன்றைக்கே கெட்டுப்போயிருக்கலாம் என்று. சொன்னதும் நெஞ்சு லேசானது. இனி யாராலும் மறுக்க முடியாது என்று நினைத்தேன். என்ன ஒரு புத்தி!

அந்த அம்மாள் தலையசைத்தாள். "தெரிஞ்சே தப்பான அளவுல கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே சொல்றீங்க. சந்தோஷம். இப்போ போட்ட கையெழுத்தை மட்டும் நாங்க எதை வெச்சு நம்புறது?"

ஃபாஸ்டோ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கும் அந்த மீன் நினைவுக்கு வந்திருக்கும்.

ஏப்ரல் 25

பஸ்ஸில் டுஃபின்யோ ஒரே ஒரு தடவை பேசினார். "உண்மையைச் சொல்றதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா ரோசாவ்ரா? மூணு வருஷமா வாயைத் திறக்கல. இன்னும் மூணு மணி நேரம் திறக்காம இருந்திருந்தா நாற்பது மீட்டர் குழாய் மாறியிருக்கும்."



மே 15

முடிவு வந்தது. "ஆய்வாளரின் பதிவுகள் நம்பகமானவை அல்ல." உத்தரவு ரத்து. வேறொரு ஆய்வாளர் புதிதாக அளக்க வேண்டும். நான் தற்காலிக நீக்கம்.

வேறொரு ஆய்வாளர் யார்? இந்த வட்டாரத்துக்கு நாங்கள் இரண்டே பேர். இன்னொருவன் வாஷிங்டன் குவென்கா, கடற்கரை வேலைக்குப் போயிருக்கிறான். ஆகஸ்டில் வருவானாம்.

மே 27

வேலை இல்லாமல் வீட்டில். ஜன்னல் கம்பித் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 3

கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் மேட்டில் கிணற்றுக்கு இடம் பார்த்தேன். எர்மெலிண்டாவும் நானும் இரண்டு நாள் வெட்டினோம். இடுப்பளவு. பாறை. "விடு கோமாத்ரே, கை கொப்புளிச்சுப் போச்சு பாரு. மழைக்காலம் முடியட்டும்."

ஜூன் 19

உடைந்துவிட்டது.

ஜூன் 20

நேற்று காலை ஏழரை மணி. ஓடைக்கு அடியில். எர்மெலிண்டா குடுவையை முக்கியிருக்கிறாள், கறுப்பாக வந்திருக்கிறது. அவள்தான் ஓடிப்போய்ச் சாலையில் லாரியை மறித்துச் சொல்லச் சொன்னாளாம். கம்பெனி அடைப்பானை மூட நான்கு மணி நேரம்.

இன்று போனேன். வாசனையே மூச்சை அடைத்தது. மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன. கோழிகள் கால்வரை கறுப்பு. வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் உறிஞ்சு துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த குழாயை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள், பார்த்தேன். அடிப்பக்கம் நகத்தால் கீறினால் போகும் அளவுக்கு மெலிந்திருந்தது. ஒரே வருடத் துரு அல்ல அது. மூன்று, ஐந்து, அதற்கும் மேல்.

எர்மெலிண்டா கரையில் நின்றிருந்தாள். முழங்கைவரை எண்ணெய். பக்கத்தில் போய்க் கையைத் தொட்டேன். விலக்கவில்லை. தொட்டதையே கவனிக்காதவள்போல நின்றாள்.

"அன்னிக்குக் கிணறு வேண்டாம்னு சொன்னப்போ, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

உங்களுக்கு.

தெரியும் என்றேனா, தெரியாது என்றேனா? இதை எழுதும்போதும் சரியாக நினைவில்லை. அழுதேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

ஜூலை 10

ஓடைக்கு அடியில் புதுக் குழாய் போட்டாயிற்று. நாற்பது அல்ல, பன்னிரண்டு மீட்டர். உடைந்த துண்டு மட்டும். இரண்டு பக்கமும் பழைய குழாய் பழையபடியே.

செப்டம்பர் 3

வாஷிங்டன் வரவில்லை. கடற்கரையிலேயே நிரந்தரம் வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 18

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மன்னித்து அல்ல, ஆள் இல்லாமல். டுஃபின்யோ அலுவலகச் சாவியை மேஜையில் வைத்தார். "இனிமே விதிமுறைப்படி மட்டும்" என்றார். எப்போதும் விதிமுறைப்படி மட்டும்தானே செய்தேன், ஒரு நாளைத் தவிர.

டிசம்பர் 11

இருபத்து மூன்றாம் கிலோமீட்டர், மறு ஆய்வு.

இந்தத் தடவை எதையும் விடவில்லை. குடிசைக்கு நானே போய்க் கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் கருவியைப் பொருத்தினேன். பிறகு ஆறு கிலோமீட்டர் நடந்தே கம்பத்துக்கு வந்தேன். ஃபாஸ்டோ சாப்பாட்டுப் பேச்சே எடுக்கவில்லை.

தரை ஜனவரியில் இருந்ததுபோலவே காய்ந்து கிடந்தது. நனைக்கத் தண்ணீர் வேண்டும். ஓடையில் மொள்ள முடியாது, இன்னும் மினுமினுக்கிறது. எர்மெலிண்டா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே உள்ளே போய், கம்பெனி வாராவாரம் இறக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடி பிரிக்காதது.

"ஊத்துங்க இன்ஜினியர்."

"குடிக்கிற தண்ணியாச்சே."

"ஆமா. ஒரு நாளைக்கு ஆளுக்கு ரெண்டு. இது என்னோடது."

ஊற்றினேன். மண் சட்டென்று உறிஞ்சியது. குச்சியை ஊன்றி, நிறுத்திய நொடியில் படித்தேன். 920. மறுபடி, 920. மூன்றாம் தடவையும் 920. பளபளக்கும் புதுக் குழாய்க்கு அது காட்டத்தான் செய்யும். அந்தப் பன்னிரண்டு மீட்டருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பழைய இரும்பைப் பற்றிக் கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. பின்பக்கத்தில் எழுதினேன். பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

முன்பக்கத்தில்: தேர்ச்சி. சரியான முறை, சரியான அளவு, என் கையெழுத்து. இதைக் கீட்டோவில் எந்த வக்கீலும் குறை சொல்ல முடியாது.

எர்மெலிண்டா காலிப் பாட்டிலைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது தருவார்களாம்.