ஊருக்கு அடித்த தமுக்கு

தமுக்குச் சக்கரவர்த்திக்கு வீட்டுக்காரி எழுதுவது.

பழைய வண்டிப்பாதையை மூடியாகிவிட்டது, இனிப் புது ரயில்வே கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்று நேற்றுத் திண்டிவனம் முழுக்கத் தமுக்கு அடித்தீர்கள். தெருநாய்க்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி சொல்லித்தான் தெரிந்தது. ராத்திரி உங்களைக் கேட்டால், "பொம்பளைக்கு இன்னாத்துக்கு ரோட்டு சமாச்சாரம்?" என்றீர்கள். ரொம்பச் சரி.

உங்கள் தங்கை செண்பகமும் பொம்பளைதான். நிறைமாத வயிற்றோடு இன்று கிளியனூரிலிருந்து மாட்டுவண்டியில் வருகிறாள். பழைய பாதையில்தான் வருவாள். அங்கே குறுக்கே பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அவளுக்குச் சொல்லி அனுப்பினீர்களா? எப்படி அனுப்புவீர்கள், சர்க்கார் உத்தரவில் அவள் பெயர் இல்லையே!

நீங்கள் சந்தையிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது. நானே பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று வண்டியைத் திருப்பிக் கூட்டி வருகிறேன். கேப்பைக் களி உறியில் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பில் அவளுக்கும் மிச்சம் வையுங்கள். வெந்நீர் போட்டு வையுங்கள், அதற்கு உத்தரவு தேவையில்லை.

பி.கு.: தமுக்கைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது. இருட்டிவிட்டால் நான் நிற்பது வண்டிக்காரனுக்குத் தெரியாது. நம் வீட்டுக்காகவும் அது ஒரு தடவை சத்தம் போடட்டும்.