அப்பா பெயருக்கு ஒரு ஓட்டு

மார்ச் 4, 2019, திங்கள்

மூட்டுவலி. மழை விடவில்லை. மதியம் பள்ளி வாரியத்திலிருந்து போன். புதிதாகக் கட்டும் பள்ளிக்கு அப்பா பெயரை வைக்கலாமா என்று பத்தொன்பதாம் தேதி ஓட்டெடுப்பாம். போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். லெம்யுல் ஸ்ட்ரிங்கர் பள்ளி. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 6

அக்கா இடெல்லா டெட்ராய்ட்டிலிருந்து கூப்பிட்டாள். "மிசிசிப்பியில வெள்ளைக்காரன் நம்ம அப்பாவுக்குக் கையைத் தூக்குவானா? அறுபத்தாறு வயசாகியும் உனக்குப் புத்தி வரலடி."

வாரியத்தில் ஐந்து பேர். எங்கள் கறுப்பு ஆட்கள் இரண்டு, வெள்ளைக்காரர்கள் மூன்று. அந்த மூன்றில் ஹார்டுவேர் கடை வெய்ன் இருக்கிறான். எங்கள் பக்கம் அவன் ஒருவன் வந்தால் போதும்.

மார்ச் 9

இதையாவது எழுதிவிடுகிறேன்.

1969. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கச் சொல்லிப் போட்ட வழக்கில் என் பெயரும் உண்டு. எனக்குப் பதினாறு வயது; அப்பா கையெழுத்து வேண்டும். எங்கள் கறுப்புப் பள்ளிக்குப் பத்தொன்பது வருஷமாகத் தலைமையாசிரியர் அவர். தாளை இரண்டு தடவை படித்தார். "ஜெயிச்சா நம்ம பள்ளிக்கூடத்தைத்தான் மூடுவாங்க. தெரியுமில்ல?"

"புதுசுக்கும் நீங்கதானேப்பா ஹெட்மாஸ்டர்?" என்றேன்.

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்தோம். எங்கள் பள்ளியை மூடினார்கள். பரிசுக் கோப்பைகளும் படங்களும் குப்பை வண்டியில் போயின. வெள்ளைத் தலைமையாசிரியர் அப்படியே இருந்தார். எம்.ஏ. படித்த அப்பாவுக்குப் பள்ளிப் பஸ்ஸை மேற்பார்க்கும் வேலை. அவர் வயதில் பாதிகூட இல்லாத குமாஸ்தா, "ஏய் லெம்யுல்" என்று கூப்பிடுவான். வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் ஒரே மாதத்தில் தேவாலயக் கட்டடத்தில் தனிப்பள்ளி தொடங்கி, பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள்தான் மிச்சம். வெய்ன் அப்படி மிஞ்சியவன். ஆறு வயது. அவன் அம்மாவுக்குக் கோழி ஆலையில் ராத்திரி வேலை. தானே எழுந்து, தானே சட்டை மாட்டிக்கொண்டு ஓடிவருவான். அவன் வரும்வரை அப்பா பஸ்ஸை நிறுத்திவைப்பார். டிரைவரை ஹார்ன் அடிக்க விடமாட்டார்.

அந்தக் கையெழுத்தை நான் கேட்டிருக்கக் கூடாதோ? கேட்காமல் எப்படி இருந்திருப்பேன்?

மார்ச் 12

தக்காளி நாற்று வாங்க வெய்னின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "கவலையே படாதீங்க, மிஸ் வெர்டெல். அந்தப் பெரியவர் இல்லன்னா நான் பள்ளிக்கூடம் பக்கமே போயிருக்க மாட்டேன்." நாற்றை என் கார் வரை தூக்கிவந்து வைத்தான்.

மார்ச் 19

மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

வெய்ன் மேசையையே பார்த்துக்கொண்டு எதிர்த்து ஓட்டுப் போட்டான். ஊரைப் பிரிக்கிற பேரு வேணாமாம், வாரியத் தலைவர் சொல்றார். இந்த ஊரு எப்போங்க சேர்ந்திருந்துச்சு? அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னிக்கும் நம்ம பிள்ளைங்கதானே இருக்கு, விரல்விட்டு எண்ணுற மாதிரி நாலு வெள்ளைப் பிள்ளைங்க! அம்பது வருஷம்ப்பா. அம்பது வருஷம் —

மார்ச் 20

இடெல்லாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள்.

மார்ச் 23

வெய்ன் வந்தான். கையில் கண்ணாடிப் பாத்திரம். அதில் அவன் மனைவி பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். உள்ளே வரவில்லை.

"என் கடைக்கு வர்றவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், மிஸ் வெர்டெல். நான் இந்த ஊர்லதான் பொழைக்கணும்."

"அவரும் இந்த ஊர்லதான்டா பொழைச்சாரு."

அவன் கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்ததே, அதுதான் தாங்கவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 25

பலகாரத்தைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பாத்திரத்தைக் கழுவித் துடைத்தேன். எங்கள் பக்கம் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தருவதில்லை; ஒரு பிடி நிலக்கடலையாவது போட்டுத்தான் கொடுப்போம்.

இன்று காலை வெய்ன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். வெறும் பாத்திரம்.