மத்தியானத்தில் நின்றுபோன நாடி

அச்சங்குளம்

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்கன நானும் அப்பாவும் இருக்கோம், ஏதோ ஓடுது. அங்கன ஜப்பான்ல நீ குளிருக்குப் போர்த்திக்கிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு மாரியாத்தாளைக் கும்பிட்டுத்தான் பேனாவை எடுக்கேன். போன்ல பேசுனா ரெண்டு பேரும் அழுதுட்டு வச்சிருதோம், சொல்ல வந்தது அப்படியே நின்னுபோகுது, அதான் எழுதுதேன். கம்பெனி வேன் ஓட்டுற நம்ம பாண்டிச்செல்வம் அண்ணன் இதைப் போட்டோ புடிச்சு அனுப்புறேன்னு சொல்லியிருக்கான்.

இங்கன அக்னி நட்சத்திரம், காத்தே கிடையாது, பட்டாசுக் கம்பெனி தகர செட்டுக்குள்ள உக்காந்தா உடம்பு வேகுது. தீபாவளி ஆர்டருக்கு இப்பவே விரட்டுதாக. ராத்திரி படுத்தாலும் தூக்கம் வரமாட்டேங்குது, முழங்கால் வலி வேற. நாடி அடிக்கிறதை அங்கன இருந்தே பாக்க அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு நீ அனுப்புன கைப்பட்டையில என்னோடதை நான் கம்பெனிக்குக் கட்டிட்டுப் போக முடியல தாயி, இதுல பேட்டரியே கிடையாது, உடம்புச் சூட்டுலதான் ஓடுதுன்னு நானும் சொல்லிப் பாத்தேன், கரண்டு எதுல வந்தாலும் கரண்டுதான், வெடிமருந்து கிடக்குற எடத்துக்குள்ள வரக்கூடாதுன்னு போர்மேன் சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் சரிதான், அதை பீரோவுல வச்சிட்டேன், கோவிச்சுக்காத.

அன்னைக்கு மத்தியானம் நடந்ததை நீ அங்கிருந்து பாத்த விதம் வேற, நான் பாத்த விதம் வேற. நான் செட்டுல மருந்து அடைச்சிக்கிட்டு இருக்கேன், போர்மேன் வந்து வள்ளித்தாய் எந்திரிச்சு வெளிய வாங்கன்னாரு. வேலை நேரத்துல ஒருத்தியப் பேர் சொல்லி வெளிய கூப்பிட்டா அது எதுக்குன்னு இங்கன எல்லாருக்கும் தெரியும். செட்டுல அம்புட்டுப் பேரும் கையை நிறுத்திட்டாக. கேட்டுக்கிட்ட பாண்டிச்செல்வம் வேனை ஓடவிட்டபடி நிக்கான், அவன் முகத்துல ரத்தமே இல்ல. சுகிர்தா ஜப்பான்ல இருந்து அழுதா சித்தி, சித்தப்பாவுக்கு நாடி வரலியாம், போனும் எடுக்கலியாம்னான். கையைக் கூடக் கழுவல, அப்படியே ஏறிட்டேன். போன வருசம் அவுகளுக்கு நெஞ்சு அடைச்சப்ப நான் எப்படி நின்னேனோ வழியெல்லாம் அந்த நினைப்புத்தான்.

வீட்டுக்குள்ள ஆள் இல்ல, போன் அலமாரியில கிடந்து அடிச்சிக்கிட்டே இருக்கு, நீதான். பின்னால போய்ப் பாத்தா வேப்பமரத்தடியில கட்டில்ல மல்லாந்து கிடக்காக, வாய் திறந்திருக்கு, ஈ உக்காந்திருக்கு. பக்கத்துல போய்த் தொட்டுப் பாக்க தைரியம் வரல. பாண்டிச்செல்வந்தான் போய்த் தோளைப் புடிச்சு உலுக்குனான். உடனே ஏலே எவம்லே அதுன்னு கத்துனாக பாரு, நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அப்புறம் எந்திரிச்சுப் போய் நெஞ்சுல கையை வச்சுப் பாத்தேன், அடிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கையை எடுத்தா அவுக நெஞ்சுல என் அஞ்சு விரலும் வெள்ளியாப் பதிஞ்சிருக்கு, மருந்து. கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு, போய்க் கையைக் கழுவுன்னு ஏசுனாக. அன்னைக்கு அந்த ஏச்சு எனக்கு எம்புட்டு இனிச்சுதுன்னு சொன்னா நீ சிரிப்ப.

அதுக்கு மேல நீ போன்ல விளக்கிச் சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. உடம்பு சூடா இருக்கணும், வெளிய காத்து குளிர்ச்சியா இருக்கணும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் கரண்டு ஊறும். உங்க ஊர்ல எந்நேரமும் குளிர்ச்சி, அதனால ஓடுது. இங்கன மத்தியானத்துல காத்தும் உடம்பும் ஒரே சூடு, அப்புறம் எங்கன ஊற. இது உன் தப்பும் இல்ல, அவுக தப்பும் இல்ல. ஆனா அப்பா சமாதானம் ஆகல. பட்டையைக் கழட்டி பீரோவுல என்னோடது பக்கத்துலயே போட்டுட்டாக. எம்புள்ள என்னையப் பாக்கணும்னா வந்து பாக்கட்டும், நான் என்ன கம்பெனி மிசினா, நின்னா ஓடிவந்து பாக்கன்னு சத்தம் போட்டாக. நீ அங்கன இருந்து படிப்பை விட்டுட்டு வந்துருதேன்னு அழுத. ரெண்டு பேருக்கும் நடுவுல பதில் சொல்லிச் சொல்லி நான் ஓஞ்சு போயிட்டேன் தாயி. நீ வர வேண்டாம். வந்து இங்கன என்ன செய்வ, எங்க கூட வேன்ல ஏறுவியா. எடுத்ததை முடி.

இப்ப ஒரு விசயம், உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னது, நான் சொல்லிருதேன். நாலஞ்சு நாளா விடியக்காலம் எந்திரிச்சா அவுக படுக்கையில இல்ல. என்னன்னு போய்ப் பாத்தா வாசல்ல காத்து வர்ற பக்கமா சேரைப் போட்டு, பட்டையைக் கட்டி, கையை நீட்டி வச்சு உக்காந்திருக்காக. சட்டையும் போடல, குளிரட்டும்னு. என்ன இதுன்னேன். அவ படிக்கக் கிளம்புற நேரம், பாத்துட்டுப் போகட்டும், வெயில் ஏறுனா கழட்டிருவேன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாக. காலையில உனக்கு நாடி வருதே, அது எப்படின்னு நீ கேட்டிருந்தியே, இப்படித்தான். தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காத, கூச்சப்பட்டு நிறுத்திருவாக.

மாத்திரை நான் பாத்துக் குடுக்கேன், விருதுநகர் ஆஸ்பத்திரிக்கும் மாசம் தவறாமக் கூட்டிட்டுப் போறேன். நீ வெறும் ரொட்டியத் தின்னுட்டுக் கிடக்காம ஒரு வேளையாவது சோறு பொங்கு. தலைக்கு எண்ணெய் வை. உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்ப. ஒண்ணு மட்டும் மனசுல வை, மத்தியானத்துல உன் போன்ல அந்த நாடிக் கோடு நின்னா வெயிலுன்னு நினைச்சுக்கோ, பதறாத. நெசமாவே நாடி நிக்கிற நாள் ஒண்ணு வந்தா, அந்தச் சேதியை உனக்கு ஒரு மிசின் சொல்ல விடமாட்டேன். நாந்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் தைரியமா தூங்கு.

உன் அம்மா,
ஊ. வள்ளித்தாய்